பாட்டுப் படித்தால் ஐசியூவில் இருந்து எழுந்து வந்துவிடுவாரா?

தலைப்பில் இருப்பது என் கேள்வி இல்லை. யார் கேட்டது, யாரிடம் கேட்டது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கணவரை வெண்டிலேட்டரில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தவள், "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும் பொல்லாப்புக்குப் பயப்படேன்" என்ற பைபிள் சங்கீத வரியை ஸ்டேட்டஸில் வைத்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். நம் பகுத்தறிவுச் சிங்கம் சிரிக்கிற பொம்மையோடு இதைக் கேட்டார். கூடச் சிரித்தவர்கள் யார் யார் என்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஐயா, எழுந்து வருவார் என்று அவள் சொல்லவே இல்லையே? பயப்பட மாட்டேன் என்றுதான் சொன்னாள். அதுவும் தனக்கே சொல்லிக்கொண்டது. நோயைப் பார்க்க டாக்டர் இருக்கிறார். நடுராத்திரியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு யார் இருக்கிறார்கள்? நீங்கள் இருந்தீர்களா?

நான் பக்திமான் இல்லை. யாராவது இழுத்துக்கொண்டு போனால்தான் கோயிலுக்கே போவேன். ஆனால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அதே மாதிரி நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் ஸ்கேன் ஃபைல். கதவு திறக்கும்போதெல்லாம் நம்மைத்தான் கூப்பிடப் போகிறார்கள் என்று வயிற்றைப் பிசையும். அப்போது எங்கிருந்தோ வந்தது, "வெள்ளத் தனைய இடும்பை அறிவுடையான் உள்ளத்தின் உள்ளக் கெடும்". பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக உருப்போட்ட குறள். அர்த்தமெல்லாம் யோசிக்கவில்லை. கதவு திறந்தாலும் அது, மூடினாலும் அது. பக்கத்தில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு "மாசில் வீணையும் மாலை மதியமும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாட்டு எங்கே பாடியது தெரியுமா? நீற்றறையில். சுண்ணாம்புக் காளவாயில் அடைக்கப்பட்ட அப்பர் வீணை, நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை என்று அடுக்குகிறார். ஏழு நாள் கழித்துத்தான் கதவைத் திறந்தார்கள் என்கிறது பெரியபுராணம். அது நடந்ததா இல்லையா என்று சண்டைக்கு வராதீர்கள், எனக்கு அது முக்கியமே இல்லை. அவ்வளவு சூட்டிலும் தென்றலை நினைக்க முடியும் என்று ஒருவர் பாடி வைத்திருக்கிறார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

'இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் ஜனங்களைச் சோம்பேறியாக்கிவிட்டீர்கள்' என்று அடுத்து வருவீர்கள். சரி, வாருங்கள். நான் சொல்லிக்கொண்ட குறள் இருப்பது இடுக்கண் அழியாமை, 63ஆம் அதிகாரம். அதற்கு முந்தின 62 என்ன? ஆள்வினையுடைமை. "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" அங்கேதான் இருக்கிறது. முதலில் உழை, அப்புறம் உடைந்து போகாதே என்கிறார் வள்ளுவர். இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது? அப்பர் சூலை நோயில் பாடிய பதிகமும் கொஞ்சல் இல்லை. குடலைச் சுருட்டி இழுக்கிறது, விலக்க மாட்டீரா என்று சாமியிடமே சண்டை. "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கதறலும் அதே சங்கீதப் புத்தகத்தில்தான் இருக்கிறது. படித்துவிட்டுக் கிண்டல் செய்தாலாவது பரவாயில்லை.

மதத்தை வைத்து ஏமாற்றுகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள், இவளை விடுங்கள்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும். அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது உறவுக்காரர் ஒருவர் "இடுக்கண் வருங்கால் நகுக" என்று பூப் படம் போட்டு வாட்ஸப்பில் அனுப்பினார். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நானே சொல்லிக்கொண்டால் தெம்பு தருகிற குறள், அவர் அனுப்பியதும் பற்றிக்கொண்டு வந்தது. பைபிளில் எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் இரவு பகலாக வாயே திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை தங்கமான மனுஷர்கள். உபதேசம் பண்ண ஆரம்பித்த பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது ஆறுதல் என்ற பெயரில் தொல்லை தருகிறவர்கள் என்று அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். நம் ஆட்கள் அந்த உட்காருகிற வேலையை விட்டுவிட்டு நேராக உபதேசத்துக்கு வந்துவிடுகிறார்கள். இல்லையென்றால் கிண்டலுக்கு. இரண்டுக்கும் விரல் ஒன்று போதுமே, வண்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வரவேண்டாம்.

சிரித்த பொம்மை போட்டவர்களில் ஒருவராவது 'அவருக்கு இப்போது எப்படி இருக்கிறது' என்று அவளுக்கு ஒரு போன் போட்டீர்களா? போட்டிருந்தால் சொல்லுங்கள், இந்தப் பதிவையே எடுத்துவிடுகிறேன்.