சீரம் போடுங்க, முகத்தைப் புண்ணாக்காதீங்க

கோவையோ திருப்பூரோ ஈரோடோ, வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கண்ணாடி முன்னால் இப்போது நாலைந்து குட்டிச் சீரம் பாட்டில்கள், அதாவது முகத்தில் பூசுகிற அடர்த்தியான சத்துத் திரவங்கள், நிற்கின்றன. வைட்டமின் சி, நியாசினமைடு, சாலிசிலிக் ஆசிட், ரெட்டினால், ஹையலூரோனிக் ஆசிட். சம்பாதிக்கிற பிள்ளை தன் முகத்துக்குச் செலவு பண்ணுவதை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஆனால் ரீல்ஸைப் பார்த்துவிட்டு அத்தனையையும் ஒரே ராத்திரியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுகிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்குப் பதறுகிறது.

காரணம் நம் தோல். மாநிறமோ கறுப்போ, நமக்கெல்லாம் எரிச்சல் வந்து ஆறின இடம் கறுத்துப்போகும். பரு வந்தாலும் அப்படித்தான், ஆசிட் அதிகமாகித் தோல் உரிந்தாலும் அப்படித்தான். அந்தத் தடம் மங்க மாதக்கணக்காகும். பருத் தடம் போகட்டும் என்று வாங்கின சீரமே எரிச்சலைக் கிளப்பிப் புதுத் தடம் வைத்துவிட்டுப் போவது எவ்வளவு கொடுமை!

அக்கா மகள் ஒருநாள் கன்னமெல்லாம் சிவந்து வந்து நின்றாள். "சின்னம்மா, சுருசுருன்னு எரியுதுங்க. எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தமாமா?" என்றாள். "இல்ல கண்ணு, மொதல்ல போய் மூஞ்சியக் கழுவிட்டு வா" என்றேன். இந்த 'எரிஞ்சாத்தான் வேலை செய்யும்' நம்பிக்கையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. விடாமல் எரிகிறது என்றால் தோல் 'வேண்டாம்' என்கிறது.

முதலில் உங்கள் முகத்துக்கு என்ன குறை என்று ஒன்றை முடிவு பண்ணுங்கள். எண்ணெய் வழிந்து பரு வருகிறதா? 2 சதவீத சாலிசிலிக் போதும். அது எண்ணெயில் கரையும், அதனால் அடைபட்ட துவாரத்துக்குள் போகும். பரு போய்த் தடம் மட்டும் நிற்கிறதா? நியாசினமைடு 5 சதவீதமே நன்றாக வேலை செய்யும், 10 சதவீதம் போனால் சிலருக்கு எரியும். அசிலாயிக் ஆசிட் பரு, தடம் இரண்டுக்குமே ஆகும். மார்கழி, தை பனிக்காற்றில் கன்னம் வெடிக்கிறதா? ஹையலூரோனிக்கை ஈர முகத்தில் பூசி, உடனே மேலே மாய்ஸ்சரைசர் போடுங்கள். அதை மட்டும் பூசிவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்தால் முகம் இன்னும் இழுக்கும்.

அடுக்குகிற முறை கஷ்டமே இல்லை. தண்ணியாக இருப்பது முதலில், கெட்டியானது பிறகு, எண்ணெய்ப் பசை உள்ளது கடைசி. காலையில் வைட்டமின் சி, மாய்ஸ்சரைசர், அதற்கும் மேலே சன்ஸ்கிரீன். வைட்டமின் சி பாட்டிலுக்குள் இருக்கிற திரவம் பழுப்பு நிறமானால் வீணாகிவிட்டது என்று பொருள்; நம் ஊர் சித்திரை வெக்கையில் சீக்கிரமே கெடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். வைட்டமின் சியும் நியாசினமைடும் சேரவே கூடாது என்பது பழைய பயம், சேர்த்துப் போடலாம். எரிந்தால் ஒன்றைக் காலைக்கும் ஒன்றை ராத்திரிக்கும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ வகைச் சீரம், ராத்திரிக்கு மட்டும், ஆரம்பத்தில் வாரம் இரண்டு ராத்திரி. அன்றைக்கு சாலிசிலிக்கோ, தோலை உரிக்கிற இன்னொரு ஆசிடான கிளைகோலிக்கோ தொடவே வேண்டாம். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்கு முயற்சி பண்ணுகிறவர்களும் ரெட்டினாலை அறவே விட்டுவிட வேண்டும். தயவுசெய்து இதை உங்கள் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள்.

புதுசாக எதை வாங்கினாலும் ஒன்றொன்றாகச் சேருங்கள், நடுவில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். இல்லாவிட்டால் எது ஒத்துக்கவில்லை என்றே தெரியாது. சீரத்துக்குப் பதில் எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் சொல்கிறேன், வேண்டாம். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமே வரும், ஆறினாலும் கறுக்கும்.

முகத்தில் மங்கு, அதாவது படர்ந்த கறுப்புத் திட்டு, இருப்பவர்களுக்குச் சீரத்தைவிட சன்ஸ்கிரீன்தான் பெரிசு. வெயிலைத் தடுக்கிற அளவைச் சொல்லும் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும் என்பதால் அயர்ன் ஆக்சைடு என்கிற நிறப்பொடி கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. ஸ்கூட்டியில் ஷால் சுற்றிக்கொண்டு போகிறீர்கள், நல்லதுதான். உள்ளே சன்ஸ்கிரீனும் இருக்கட்டும்.

எனக்கு அடிவயிறு கலங்குவது இன்னொன்றை நினைத்து. சீரத்துக்கு மேலே, மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கின 'வெள்ளையாக்கும்' க்ரீமையும் சில பிள்ளைகள் பூசுகிறார்கள். டியூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018லேயே இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. முதல் சில வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நாளம் தெரிந்து, பருவும் முடியும் முளைக்கும். திடீரென்று நிறுத்தினாலும் கொதித்துச் சிவக்கும்.

அப்படி மாட்டிக்கொண்டவர்கள் யாரும் வெட்கப்பட வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், ஈரோடு பக்கம் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரைக்கும் முகத்தில் பூசின பாட்டில், டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், காலியானதையும் சேர்த்து.