மாடி வீட்டில் மெஷ் பேட்: ஒரு திருத்தம்

"மெஷ் பேட் கிட் (வலைத்துணி போட்ட பேடுகள் உள்ள எலக்ட்ரானிக் டிரம்ஸ்) வாங்கினால் மாடியில் நடுராத்திரியிலும் வாசிக்கலாம், கீழ்வீட்டுக்குக் கேட்காது" என்று சொல்வது பாதிதான் சரி. மெஷ் குறைப்பது குச்சி படும் சத்தத்தை. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவது காலால் மிதிக்கும் கிக் பெடலால்: மிதித்ததும் பேடில் போய் அடிக்கும் சுத்தியலான பீட்டரின் ஒவ்வொரு அடியும் தளத்துக்குள் இறங்கி, கீழே 'தொம் தொம்' என்று கேட்கும். ஹை-ஹாட் (இன்னொரு காலால் இயக்கும் ஜோடி சிம்பல்) மிதிப்பும் அப்படித்தான். மதுரையில் செல்லூர், வில்லாபுரம் பக்கம் ஒட்டிக் கட்டிய வீடு என்றால் பக்கத்து வீட்டுக்கும் போகும்.

ஜமுக்காளம் விரித்தால் டைல்ஸில் கீறல் விழாது, அவ்வளவுதான். அதிர்வு கீழே இறங்காமல் இருக்க 18 மி.மீ. ப்ளைவுட் பலகை இரண்டு எடுத்து, நடுவில் டென்னிஸ் பந்துகளை வையுங்கள். இரண்டு பலகையிலும் நேருக்கு நேர் 5 செ.மீ. துளை, பந்து ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் உள்ளே இறங்கும், உருளாது. பெடல் பக்கம் பந்துகளை நெருக்கமாக வையுங்கள். கிட்டோடு ஸ்டூலும் இந்தப் பலகை மேலேதான், அதனால் ஆள் எடையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்து போதாமல் பலகைகள் தொட்டுக்கொண்டால் செய்ததெல்லாம் வீண்.

பீட்டர் இல்லாத சுவிட்ச் பெடலில் அதிர்வு குறைவு, விலையும் குறைவு. ஆனால் நிஜ டிரம்ஸுக்கான கால் பழக்கம் அதில் வராது.

அப்புறம், ப்ளூடூத் ஹெட்போனும் வேண்டாம். அடி ஒரு நேரம், சத்தம் ஒரு நேரம் என்றாகிவிடும். வயர் உள்ளதே போதும்.