அந்தப் பெட்டியில் சாமை இருந்தால் யார் குற்றம்?

சனிக்கிழமையிலிருந்து அந்தப் படம் கண்ணிலேயே நிற்கிறது. எந்தப் படம் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம்ம வேலூர் ஆட்கள் பாதிப் பேர் பகிர்ந்துவிட்டீர்கள். ஜவ்வாது மலையில் ஒரு ஊர். சோலார் பேட்டரி வைக்கிற இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார்கள். உள்ளே பேட்டரி இல்லை, சாமை மூட்டை இருக்கிறது. மேலே ஒரு வரி: "ஓசியில் கொடுத்தால் இதுதான் நடக்கும்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு.

அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். 2021 ஆகஸ்டில் ஒடுகத்தூரிலிருந்து ஜீப் போகிற வரைக்கும் ஜீப்பிலும், அதற்கு மேல் மூங்கிலில் கட்டித் தோளிலும் எட்டு பேட்டரிகள் மேலே போயின. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி ஒன்று ஆசிட்டோடு ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். சுமந்தவர்கள் அந்த ஊர் ஆண்கள். கூலி வாங்கவில்லை. நான் பின்னால் டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், அதற்கே எனக்கு மூச்சு வாங்கியது. அப்போது நான் ஒரு சின்ன அறக்கட்டளையில் களப்பணியாளர். 32 வீட்டுக்கும் அன்று ராத்திரி ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது. அந்த ஜனங்களைத்தான் இன்று ஓசிக்காரர்கள் என்கிறீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சோலாரைக் கொண்டுவந்து பூட்டுவதற்குப் பணம் கொடுத்தார்கள், அதைத் தொடர்ந்து ஓட்டுவதற்குக் கொடுக்கவில்லை. இதையே இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோலார் பேனல் இருபது, இருபத்தைந்து வருஷம் உழைக்கும். அதோடு கோக்கிற லெட் ஆசிட் பேட்டரி அப்படியில்லை. மூன்றிலிருந்து ஐந்து வருஷம். அதுவும் மாதாமாதம் தண்ணீர் மட்டம் பார்த்து, டெர்மினலில் பூக்கிற வெள்ளைப் பூவைச் சுரண்டி, வாஸ்லின் தடவி வைத்தால். வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். சத்துவாச்சாரியில் உங்கள் வீட்டு பேட்டரி உப்பிப்போனால் போன் போடுகிறீர்கள், மெக்கானிக் அரை மணியில் வந்து பழையதை எடுத்துக்கொண்டு புதியதை வைத்துவிட்டுப் போகிறார். அன்று யாரும் உங்களைப் பார்த்து "இவருக்குப் பராமரிக்கத் தெரியவில்லை" என்று படம் எடுத்துப் போடுவதில்லை.

அந்த ஊருக்குப் பணம் கொடுத்தது ஒரு கம்பெனி. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலே இருக்கிற நிறுவனங்கள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். நல்ல சட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் தொடர் திட்டம் என்று ஒன்றை எடுத்தால், ஆரம்பித்த நிதியாண்டைத் தவிர்த்து மூன்று வருஷத்துக்கு மேல் அது போகக் கூடாது. நாங்கள் பூட்டியது 2021. கோப்பு மூடியது 2025 மார்ச். பேட்டரி சாகிற நாலாவது வருஷமும் பணம் நிற்கிற வருஷமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. இதில் அந்த ஊர் ஜனங்கள் செய்த தப்பு என்ன?

திட்ட மதிப்பீட்டில் ஒரு வரி எழுதியிருந்தோம். ஊர்ப் பையன் ஒருவனுக்கு மாதம் 1,500 ரூபாய். தண்ணீர் ஊற்ற, பேனல் துடைக்க, ஃபியூஸ் மாற்ற. அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். நிர்வாகச் செலவாம், அதற்கு 5 சதவீத வரம்பாம். அந்த வரம்பு கம்பெனி தன் சொந்த நிர்வாகத்துக்கு வைத்துக்கொள்வது, களத்தில் வேலை செய்கிறவன் சம்பளத்துக்கு அல்ல என்று பதில் எழுதினோம். கம்பெனியிலிருந்து போனில் பேசிய ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொருளாக எதுவும் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் சார், ஆளுக்கு வேண்டாம்" என்றார். பொருளாக இன்னும் நாலு தெருவிளக்கு கிடைத்தது.

பயிற்சி எடுத்த பையன் ஒன்றரை வருஷம் சும்மாவே பார்த்தான். ஒரு பைசா வாங்கவில்லை. அப்புறம் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகாமல் என்ன செய்வான்?

"ஊரே காசு போட்டு மாற்றியிருக்கலாமே" என்று கேட்கிறார்கள். போட்டார்கள். வீட்டுக்கு மாதம் 30 ரூபாய். 32 வீடும் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாலும் நாலு வருஷத்தில் 46,080 ரூபாய்தான் சேரும். வேலை இல்லாத மாதம் கட்ட முடியாதவர்கள் போக, பாஸ்புக்கில் இருந்தது 38,000 சொச்சம். நானே பார்த்தேன், மஞ்சள் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பேட்டரி ஒன்று 15,000 என்று வைத்துக்கொண்டால் எட்டுக்கு 1,20,000. இந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரியும். இருக்கிற காசுக்கு ரெண்டு வாங்கிப் போடலாம், ஆனால் செத்த பேட்டரிகளோடு புதுசைக் கோத்தால் புதுசும் சீக்கிரம் செத்துவிடும்.

சாமை விஷயத்துக்கு வருகிறேன். அது விதைச் சாமை. அந்த ஊரில் எலி ஏற முடியாத, மழை இறங்காத, பூட்டுப் போடக்கூடிய பொருள் அந்த ஒரு பெட்டிதான். ஆறு மாதம் காலியாகக் கிடந்த பிறகு விதையை அதில் வைத்தார்கள். செத்த எட்டு பேட்டரியும் கோயில் திண்ணையில் சாக்குப் போட்டு மூடியிருக்கின்றன. உள்ளே இருக்கிற ஈயத்துக்காகவே காயலான் கடையில் நல்ல காசு கொடுப்பார்கள். ஒன்றைக்கூட விற்கவில்லை. போன மாதம் நான் போனபோது, ஊர்க் காசைப் பார்த்துக்கொள்கிற பொருளாளர் அம்மா கேட்டது: "இன்னா தம்பி, உங்க பொருளு அப்படியே கீது, எப்ப வந்து எடுத்துக்கினு போவீங்க?" எனக்குத் தலை நிமிரவில்லை. திண்ணையில் கிடந்த பேட்டரிகளை யாரும் படம் எடுக்கவில்லை.

அடுத்த கேள்வி, இலவசமாகக் கொடுக்காமல் கடனாகக் கொடுத்தால் பொறுப்பு வருமே என்பது. இதைச் சொன்னவர்களில் மூன்று பேர் எனக்கு நெருக்கமானவர்கள், அதனால் கோபப்படாமல் சொல்லப் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 2016-லிருந்து எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் சேர்த்துத்தான். பம்புசெட்டுக்கும் இலவசம். கம்பம் நட்டதும் டிரான்ஸ்பார்மர் வைத்ததும் கம்பி அறுந்தால் லைன்மேன் ஏறுவதும் பொதுப் பணம். மலையேறியதும் மட்டும் கடன், பொறுப்பு, தற்சார்பு என்று பாடம் நடத்துகிறோம். இ.பி. கம்பி அந்த ஊருக்குக் கீழேயே நின்றுவிட்டது. நாட்டில் எல்லாக் கிராமத்துக்கும் மின்சாரம் போய்ச் சேர்ந்தது என்று 2018 ஏப்ரலில் அறிவித்தார்களே, அந்தக் கணக்கில் ஒரு கிராமத்தில் நூற்றுக்குப் பத்து வீட்டுக்கும் பள்ளிக்கூடம் மாதிரிப் பொது இடங்களுக்கும் கிடைத்தாலே போதும். மீதி வீடுகள் இருட்டில் இருந்தாலும் அது மின்சாரம் வந்த கிராமம்தான்.

அரசாங்கத்துக்கே இந்தப் பாடம் புரிந்திருக்கிறது. 2016-இல் உஜ்வாலா என்கிற சமையல் காஸ் திட்டத்தில் ஏழை வீடுகளுக்கு ஒரு இணைப்புக்கு 1,600 ரூபாய் போட்டுக் கொடுத்தார்கள். முதல் சிலிண்டர் தீர்ந்ததும் விறகுக்குத் திரும்பிய வீடுகளை அணைக்கட்டு ஊர்ப் பக்கம் நானே பார்த்திருக்கிறேன். அப்புறம் 2022-இல் சிலிண்டருக்கு 200 ரூபாய் மானியம், 2023-இல் 300. பூட்டிக் கொடுத்தால் போதாது, ஓட்டவும் கொடுக்க வேண்டும். அதே சங்கதிதான்.

உலகம் முழுக்கவும் இதே கதை. 2030-க்குள் எல்லோருக்கும் கட்டுப்படியாகிற, நிலைத்து நிற்கிற எரிசக்தி என்று 2015-இல் ஐ.நா. இலக்கு வைத்தது. 2023 கணக்குப்படி இன்னும் 66.6 கோடிப் பேருக்கு மின்சாரமே இல்லை. ஏறக்குறைய 210 கோடிப் பேர் விறகிலும் கரியிலும் சாணியிலும் சமைக்கிறார்கள். வளரும் நாடுகளின் தூய எரிசக்திக்கு அந்த வருஷம் போன சர்வதேசப் பொதுப் பணம் சுமார் 2,160 கோடி டாலர். அதில் 83 சதவீதம் கடன் வகை. மானியம் 9.8 சதவீதம். நூற்றுக்குப் பத்துகூட இல்லை! இலவசம் கெடுத்துவிட்டது, கெடுத்துவிட்டது என்கிறீர்களே, கொடுத்ததே இவ்வளவுதான். ஆப்பிரிக்காவுக்கு மின்சாரம் கொண்டுபோக 2013-இல் அமெரிக்கா ஆரம்பித்த பவர் ஆப்பிரிக்கா திட்டம் 2025-இல் ஆட்சி மாறியதும் மூடப்பட்டது. இப்போது உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2030-க்குள் 30 கோடிப் பேருக்கு இணைப்பு என்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் இணைப்பை எண்ணுகிற கையோடு அஞ்சாவது வருஷம் எத்தனை எரிகிறது என்றும் எண்ணச் சொல்லுங்கள். அதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு நிதி வாங்கலாமே என்றால், 2020 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அதை வாங்குகிற பெரிய அமைப்பு எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. அந்த வாசலும் அடைத்தாகிவிட்டது.

ஒரு தம்பி எழுதியிருந்தார்: "நீங்களும் அந்தப் பணத்தில் பிழைத்தவர்தானே." ஆமாம். மாதம் 9,000 ரூபாய் வாங்கினேன், பெட்ரோல் என் கைக்காசு. அந்தத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதுதான் வலித்தது.

அல்லேரி மலையில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? 2023 மே மாதம், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ரோடு இல்லை. குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு தாய் மலைப்பாதையில் நடந்ததை நாடே பார்த்தது. அன்று நீங்களும் அழுதீர்கள், நானும் அழுதேன். அதே மலை இது. வாசலில் ஒரு விளக்கு எரிந்தால் தரையில் என்ன ஊர்கிறது என்று தெரியும். அங்கே விளக்கு என்றால் அதுதான். அந்த விளக்கு அணைந்ததற்கா சிரிக்கிறீர்கள்?

அந்தச் சாமைப் படத்தை நீக்கிவிடச் சொல்லி, அதைப் போட்டவருக்கு நேற்று எழுதினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. அந்த பாஸ்புக்கின் படம் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேலே போகிறேன். பொருளாளர் அம்மா சரி என்றால் இங்கே போடுகிறேன்.