அமைச்சரான பிறகும் டீச்சர்தான்

சுகாதாரத் துறைக்கு டாக்டர்தான் அமைச்சராக வர வேண்டும் என்று தேர்தல் முடிந்தாலே யாராவது எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை எப்போதும் இருந்ததில்லை. கேரளத்தில் கே.கே. ஷைலஜா வேலை பார்த்த விதத்தைக் கவனித்த பிறகு கொஞ்சநஞ்சம் இருந்ததும் போய்விட்டது.

கண்ணூர் மாவட்டம் சிவபுரம் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர். 1996இலேயே எம்.எல்.ஏ. ஆகிவிட்டாலும், வேலையை விட்டு முழுநேர அரசியலுக்கு வந்தது 2004இல். 2016இல் சுகாதார அமைச்சர். அப்போதும் எல்லோருக்கும் 'ஷைலஜா டீச்சர்'தான்.

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா பக்கம் நிபா என்ற உயிர்க்கொல்லி வைரஸ் வந்தது. நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினியே இறந்துபோனார். பயத்தில் ஜனங்கள் மூட்டை முடிச்சைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். டீச்சர் அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்க் கூட்டம் போட்டார். நெருங்கிப் பழகினால்தான் ஒட்டும், இருமுகிறவரிடமிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நின்றால் போதும் என்று விளக்கினார். அவ்வளவுதான். ஊர் காலியாகவில்லை. மிரண்டுபோன கூட்டத்துக்கு முன்னால் நின்று, புரிகிற மாதிரி நாலு வார்த்தை சொல்வது எம்.பி.பி.எஸ். படிப்பில் வருகிற பாடமில்லை, வகுப்பறையில் வருவது.

2020 ஜனவரி 30ஆம் தேதி இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் உறுதியானபோது, அங்கே கட்டுப்பாட்டு அறை ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தது. நிபா கொடுத்த பயிற்சி அது.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கொரோனா சமயத்தில் ரூ.550க்குக் கிடைத்த பி.பி.இ. கிட்டை (மருத்துவப் பணியாளர்கள் போடும் பாதுகாப்பு உடை) ஓரிரு நாளில் ரூ.1,550 கொடுத்து வாங்கியதைத் தணிக்கைத் துறையே கேள்வி கேட்டிருக்கிறது. அன்றைக்குத் தட்டுப்பாடு இருந்தது உண்மை. ஆனால் அதற்காகக் கணக்குக் கேட்கவே கூடாது என்று ஆதரவாளர்கள் வரிந்துகட்டுவதை ஏற்க முடியாது.

2021இல் மட்டன்னூரில் 60,963 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் தன் அமைச்சர்களில் முதல்வரைத் தவிர எல்லோரும் புதுமுகம் என்று அவருடைய மார்க்சிஸ்ட் கட்சி முடிவெடுத்து, அவரையும் விட்டுவிட்டது. அடுத்த வருடம் மகசேசே விருதையும் கட்சி சொல்லித்தான் மறுத்தார். பிலிப்பைன்ஸில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கியவர் பெயரிலான விருது என்றார்கள். சரி, அது அவர்கள் கொள்கை. ஆனால் புதுமுகம் என்பதெல்லாம் மற்ற துறைகளுக்குப் பொருந்தும். 2021 மே மாதத்தில் கேரளம் இரண்டாம் அலையின் உச்சத்தில் ஒரு நாளைக்கு 40,000 புது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மாதத்திலா மாற்றுவார்கள் சுகாதார அமைச்சரை?