எந்தக் கீபோர்டு வாங்கலாம்னு கேக்குற தம்பிங்களுக்கு

ரெண்டு வாரமா இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான், அண்ணே கச்சேரிக்கு என்ன கீபோர்டு வாங்கலாம், யமஹா எஸ்எக்ஸ்600ஆ கோர்க் பிஏ700ஆ, இல்ல யமஹாவோட சின்ன மெஷினு ஐ500 போதுமான்னு. ஒவ்வொருத்தருக்கா டைப் பண்ண முடியல, இங்கயே எழுதிடுறேன்.

மொதல்ல உங்க குரூப்புல எத்தன பேரு? பேடு (தட்டி வாசிக்கிற எலக்ட்ரானிக் டிரம்மு), டோலக்கு, பேஸ் கிட்டாருன்னு ஆளுங்க முழுசா இருந்தா, தாளம், பேஸ் எல்லாத்தயும் தானா வாசிக்கிற அரேஞ்சர் கீபோர்டே வேணாம், ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 மாதிரி ஒன்னு போதும், தோள்ல மாட்டிக்கிட்டு பஸ்ஸுல ஏறிடலாம். ஆனா இப்ப நெலம அப்படியா இருக்கு? சம்பா நல்லா வெளஞ்சு நெல்லு வித்த வருஷம்னா ஊர்ல வரி பிரிச்சு பெரிய செட்டா வைக்கிறாங்க, இல்லன்னா ஒரு கீபோர்டு, ஒரு பேடு, பாட ரெண்டு பேரு. அதுவும் கட்டுப்படியாகலன்னா கரோக்கி டிராக்குதான். அந்த எடத்துலதான் அரேஞ்சர் கண்டிப்பா வேணும்னு அடிச்சுச் சொல்றேன், ஏன்னா டிராக்கு யாருக்காகவும் நிக்காது.

போன பங்குனியில திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழா. பாடுற பொண்ணுக்கு ரெண்டாவது சரணம் மொத வரியே மறந்துபோச்சு, மைக்கப் புடிச்சுக்கிட்டு என்னயே பாக்குது. நான் மெயின் பி-ங்கிற ரிதத்தயே ஓடவிட்டு, எடது கையில கார்டை (சேத்துப் புடிக்கிற சுரங்கள) மாத்தாம, வலது கையில புல்லாங்குழல் டோன்ல நாலு பார், அதாவது நாலு தாளச் சுத்து, வாசிச்சேன். அது மூச்சு எடுத்த ஒடனே ஃபில் (தாளத்துல ஒரு சின்ன உருட்டல்) தட்டி மெயின் சி-ங்கிற அடுத்த ரிதத்துக்கு மாறிட்டேன். எதிர்ல உக்காந்திருந்த சனம் அத பாட்டுல உள்ள பிட்டுன்னே நெனச்சுச்சு.

அதனால எத்தன ஸ்டைலு (ரெடிமேடு ரிதம்), எத்தன வாய்ஸு (டோன்) இருக்குன்னு கடையில கேக்காதீங்க. ஃபில், தாளத்த சட்டுன்னு நிறுத்தி எடுக்குற பிரேக், சுருதிய ஏத்தி எறக்குற டிரான்ஸ்போஸ், இந்த மூணு பட்டனும் எங்க இருக்குன்னு பாருங்க, கண்ண மூடிக்கிட்டு கை போகணும். மேடையில பாடுறவரு திரும்பி "அண்ணே, அரைக் கட்டை எறக்குங்க"ன்னு காதுல சொல்லுவாரு, அப்ப மெனுவுக்குள்ள போய் தேடிக்கிட்டு இருக்க முடியாது.

பேஸ், அதான் அடியில ஓடுற கனமான சுரம், அந்த விஷயத்தயும் கடையிலயே பாத்துடுங்க. எண்பதுகள்ல வந்த பாட்டுல பேஸ் கிட்டாரு தனியா ஒரு பாட்டு பாடிக்கிட்டுப் போகும்ல, சாதாரண மோடுல சி மேஜர் கார்டு (சி, ஈ, ஜி மூணு சுரம்) புடிச்சு ஈ-யக் கீழ வச்சாலும் மெஷினு சி-யத்தான் பேஸா வாசிக்கும், பாட்டு தட்டையா போயிடும். யமஹா எஸ்எக்ஸ்ல ஃபிங்கர்டு ஆன் பேஸ்னு ஒரு மோடு, கோர்க் பிஏ-ல பேஸ் இன்வெர்ஷன், அதப் போட்டா நீங்க வச்ச கீழ் வெரலுதான் பேஸு. எனக்கு இத எந்தக் கடைக்காரரும் சொல்லல, வாங்கி ஆறு மாசம் கழிச்சு மேனுவலப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன், அந்த ஆறு மாசம் வாசிச்ச பாட்ட நெனச்சா இன்னிக்கும் மனசு வலிக்குது.

அடுத்து பிட்ச் பெண்டு, சுரத்த வளைச்சு கமகம் கொண்டுவர்ற வசதி. நரசிங்கம்பேட்டையில நாயனம் செய்யுற மண்ணு இது, 2022ல அதுக்குப் புவிசார் குறியீடே குடுத்தாங்க. கல்யாணம், சாமி பொறப்பாடு எல்லாத்துலயும் நெசமான நாயனத்தக் கேட்டு வளந்த காது முன்னாடி உக்காந்திருக்கு. ஒரு தடவ நாயனம் டோன வெறும் கட்டையா அமுக்கி வாசிச்சுட்டு எறங்குனேன், ஒரு பெரியவரு கூப்புட்டு "தம்பி, கமகம் வராதுன்னா நாயனத்தத் தொடாத"ன்னாரு. அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி. சுரத்த வளைக்க எஸ்எக்ஸ்600ல வீலு, எஸ்எக்ஸ்700, 900லயும் பிஏ700லயும் ஜாய்ஸ்டிக்கு, ரெண்டையும் கையில வாசிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. எனக்கு ஜாய்ஸ்டிக்குதான் கை ஒத்துவருது.

வெயிட்டு? எஸ்எக்ஸ்900 11.5 கிலோ, எஸ்எக்ஸ்600 8.1 கிலோ. வேன் இல்லாம ராத்திரி ரெண்டு மணிக்கு மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்களுக்கு அந்த மூணு கிலோ புரியும்.

கடைசியா கரன்டு. மேல சொன்ன பெரிய யமஹா, பிஏ700 எதுலயும் பேட்டரி போட முடியாது. வேதாரண்யம் பக்கம் ஒரு ஊர்ல ஜெனரேட்டர் ஒரு செகண்டு தடுமாறுச்சு, குழல் விளக்கு சிமிட்டுன அளவுதான், என் மெஷினு ஆஃப் ஆகி மறுபடி மொதல்லேருந்து எந்திரிக்குது. அந்த நேரம் பூரா டோலக்குக்கார மாமா தனியா தாளத்தப் புடிச்சுக்கிட்டு நின்னாரு, அவரு மட்டும் இல்லன்னா கச்சேரி அங்கயே முடிஞ்சிருக்கும். அன்னிலேருந்து பக்கத்துல ஒரு ஐ500 வச்சிருக்கேன், ஆறு பென் டார்ச் பேட்டரியிலயே ஓடும். பெரிய மெஷினுக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் போட்டாச்சு.

ஆக புதுசா ஆரம்பிக்கிற பசங்க ஐ500 வாங்கி ஒரு வருஷம் கைய பழக்குங்க, கடன் வாங்கி எஸ்எக்ஸ்900க்குப் போகாதீங்க. சொந்தமா ஸ்டைல் போட்டு வாசிக்கிற அளவுக்கு வந்தவங்களுக்கு என் ஓட்டு பிஏ700க்கு. எஸ்எக்ஸ்600 வச்சிருக்க நண்பர் ஒருத்தரு ஞாயித்துக்கெழம எங்க வீட்டுக்கு வர்றாரு, மன்னார்குடி சுத்துவட்டாரத்துல இருக்கவங்க வாங்க, மூணு மெஷினும் இருக்கும், ஒரே பாட்ட மூணுலயும் வாசிச்சுப் பாக்கலாம்.