கூர் அடி வள்ளம் கல் ஆற்றுக்குச் சரிவராது

தம்பி, அருவியாற்றில் மீன்பிடிக்கக் கடலில் ஓடும் கூர் அடிப் பைபர் வள்ளம்தான் நல்லது, தட்டை அடி கவிழ்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. கூர் அடி அலையை வெட்டத்தான். முழங்கால் தண்ணீரில் அந்தக் கூர்தான் முதலில் கல்லில் குத்தும். என் மாமாவின் வள்ளத்தில் விரல் நுழையும் ஓட்டை விழுந்தது அப்படித்தான். தட்டை அடி ஆழமாக இறங்காது, நின்று வலை எறிந்தாலும் அவ்வளவாக ஆடாது. அமெரிக்காவின் ஒரிகனில் மெக்கென்சி ஆற்றுக்கென்றே செய்த வள்ளங்களைப் பாருங்கள்: தட்டை அடி, இரண்டு முனையும் மேலே வளைந்திருக்கும். ஓட்டுபவர் வரும் கல்லைப் பார்த்தபடி இருந்து, ஓட்டத்துக்கு எதிராகத் துடுப்பு வலித்து வேகத்தைக் குறைப்பார். அப்புறம், அலுமினியம் கல்லில் ஏறினால் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் வழுக்கிப் போகும். கோடையில் ஆறு வற்றும்போது தூக்கிக்கொண்டுதான் நடக்க வேணும், அதனால் இரண்டு பேர் தூக்கக்கூடிய பாரத்தில் வாங்குங்கள்.