ஓடிபி வராததுக்கு மழை என்ன செய்யும்?

தக்கலையிலயோ குலசேகரத்திலயோ இ-சேவை மையத்துல வருமானச் சான்றிதழுக்குப் போய் உட்கார்ந்தா ஓடிபி வராது. கேட்டா, "மழைல்லா, நெட்வொர்க் இல்ல." மழை பாவம்!

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயோட 2018 விதிமுறைப்படி, அனுப்புற எஸ்எம்எஸ் வாசகத்தை டிஎல்டிங்கிற தொலைத்தொடர்பு நிறுவனங்களோட பதிவுத் தளத்துல முன்கூட்டியே பதிஞ்சிருக்கணும். மென்பொருள்ல யாராவது ஒரு சொல்லை மாத்திட்டு பதிவை மாத்தாம விட்டா, மெசேஜை வழியிலேயே தடுத்திருவாங்க. திரையில மட்டும் "அனுப்பப்பட்டது"ன்னு காட்டும். ஜனங்க திரும்பத் திரும்ப அமுக்க, சர்வரும் படுத்திரும்.

சரிபண்ண பெரிய வித்தை வேண்டாம், ரெண்டு வாசகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தா போதும். யாரு பார்க்க? டெண்டர் குறைஞ்ச விலை கேட்டவருக்கு. திறப்பு விழாவுக்குக் காசு உண்டு, பராமரிப்புக்குக் கோப்பு நகராது. ஒப்பந்தம் முடிஞ்சா மென்பொருள் எழுதினவங்க கிளம்பிருவாங்க, குறிப்பு ஒரு பக்கம்கூட இருக்காது. டிஎல்டி கணக்கோட பாஸ்வேர்டும் அவங்ககிட்டதான்.